மருத்துவமனை போன் மேசையா, வீட்டிலிருந்தே போன் எடுக்கும் வேலையா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பி.காம். முடித்து, குழந்தைக்காகச் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடுகிறீர்கள். கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, மதுரையில் நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ரிசப்ஷனிஸ்ட் வேலை. இன்னொன்று, கம்பெனிகளுக்கு வரும் போனை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவது. அதற்குப் பதிவுக் கட்டணம் 3,500 ரூபாயும், உங்கள் பெயரில் இரண்டு புது சிம் கார்டும் கேட்கிறார்கள். எது நல்லது, ஆங்கிலம் சுமாராகத்தான் வரும், சமாளிக்க முடியுமா என்பது நீங்கள் கேட்டது. உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று படுகிறது. போன் எடுத்துப் பேசுவதெல்லாம் ஒரு தொழிலா, அதைக் கற்றுக்கொண்டால் பின்னால் வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி உண்டா என்றுதான் கேட்கிறீர்கள். தொழில்தான், வழியும் உண்டு. ஆனால் முதலில் மருத்துவமனை, பிறகு வீடு. அந்த வரிசை மாறக்கூடாது.

அந்த வீட்டு வேலையை முதலில் தள்ளிவிடுவோம். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார், கட்டணம் வாங்க மாட்டார். 3,500 போனால் போகட்டும் என்றாலும், சிம் விஷயம் அப்படி விடக்கூடியது இல்லை. சிம் பாக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் பத்து, ஐம்பது என்று சிம் கார்டுகளைச் செருகி, வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பு போல மாற்றிவிடுவார்கள். மோசடிக்காரர்களுக்கு அடுத்தவர் பெயரில் சிம் தேவைப்படுவது இதற்கெல்லாம்தான். உங்களிடம் வந்தவர்கள் அதற்குத்தான் கேட்கிறார்கள் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேர்மையான கம்பெனிக்கு உங்கள் பெயரில் சிம் எதற்கு? அது தன் பெயரிலேயே எண் வாங்கி, ஆப் மூலமாக உங்களுக்கு அழைப்பைத் திருப்பிவிடும். சிம் உங்கள் பெயரில் இருந்தால், ஏதாவது நடக்கும்போது போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

இனி மருத்துவமனை. இந்த வேலைக்கு இனிமையான குரல் வேண்டும், சரளமான ஆங்கிலம் வேண்டும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. இரண்டும் இருந்தால் நல்லதுதான். ஆனால் வேலையின் உயிர் அதில் இல்லை. கூப்பிட்டவர் சொன்னது சேரவேண்டிய ஆளிடம், மாறாமல், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் வேலை. குயில் மாதிரிப் பேசிவிட்டு போன் நம்பரில் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால், அந்த அழைப்பு எடுக்காத அழைப்புக்குச் சமம்.

மேசையில் உங்கள் முன் இருப்பது, வெளி லைன்களையும் உள்ளே இருக்கும் போன்களையும் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியோடு சேர்ந்த ஆபரேட்டர் போன். வெளியிலிருந்து நாலைந்து லைன் உள்ளே வரும், உள்ளே அறைக்கு அறை ஐம்பது நூறு எக்ஸ்டென்ஷன், அதாவது உள் போன், இருக்கும். முதல் வாரம் அதிகம் தடுமாறுவது லைன் மாற்றிக் கொடுப்பதில். ஒழுங்கான முறை இது: "ஒரு நிமிசம் லைன்லயே இருங்கய்யா, கனெக்ட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஃபிளாஷ் பட்டனை அழுத்துங்கள், எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போடுங்கள், எடுத்தவரிடம் யார் எதற்காகப் பேசுகிறார் என்று ஒரே வரியில் சொல்லுங்கள், அவர் சரி என்ற பிறகு ரிசீவரை வையுங்கள். அந்தப் பக்கம் எடுக்கவில்லை என்றால் மறுபடி ஃபிளாஷ், கூப்பிட்டவர் திரும்பக் கிடைப்பார். அவசரத்தில் எக்ஸ்டென்ஷனைப் போட்டவுடனே ரிசீவரை வைத்துவிடுவார்கள். உள்ளே ஆள் இல்லாவிட்டால் சில பெட்டிகளில் அழைப்பு உங்களிடமே திரும்பி வரும், சிலவற்றில் அப்படியே கட்டாகும். அது அந்தப் பெட்டியில் செய்துவைத்திருக்கும் செட்டிங்கைப் பொறுத்தது. முதல் நாளே உங்கள் செல்லிலிருந்து கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் பட்டன் இல்லாத சாதாரண போனில் ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டித்தான் மாற்றவேண்டும். அரை விநாடி அளவு தட்டினால் ஃபிளாஷ், ஒரு விநாடியைத் தாண்டி அழுத்திப் பிடித்தால் பெட்டி அதை போனை வைத்ததாக எடுத்துக்கொள்ளும். புதியவர்கள் கையில் லைன் கட்டாவது பெரும்பாலும் இதனால்.

வெளியே கூப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். வெளி லைன் எடுக்க 0 அல்லது 9 போடவேண்டும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல் எண்ணுக்கு முன்னால் ஒரு 0 கட்டாயம். ஆக லைனுக்கு 0, டோன் வந்ததும் மறுபடி 0, பிறகு பத்து இலக்கம். டாக்டருக்காக நீங்கள் போட்டுக்கொடுக்கும் அழைப்பில் எதிரே தெரிவது பெரும்பாலும் மருத்துவமனையின் எண்தான். அரைமணி கழித்து அந்த எதிராளி திரும்பக் கூப்பிட்டு, "இந்த நம்பர்லருந்து போன் வந்துச்சே, யாரு கூப்பிட்டது?" என்பார். பதில் உங்களிடம் இருக்கவேண்டும். யாருக்காக, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று வெளி அழைப்புக்கும் ஒரு நோட்டு போடுங்கள். யாரும் சொல்லித்தராத பழக்கம் இது, மாதத்தில் இருபது தடவை காப்பாற்றும்.

போன் எத்தனையாவது மணி அடிக்கும்போது எடுப்பது? நம் ஊர் மணி 'ட்ரிங் ட்ரிங்' என்று இரட்டையாக அடித்து நின்று மறுபடி அடிக்க 3 விநாடி. மூன்றாவது மணிக்குள் எடுத்தால் கூப்பிட்டவர் காத்திருந்தது 9 விநாடிக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் எரிச்சல் குரலில் ஏறிவிடும். எடுத்தவுடன் மருத்துவமனைப் பெயரைச் சொல்லாதீர்கள், முதலில் "வணக்கம்", பிறகு பெயர். லைன் இணையும் முதல் அரை விநாடியில் சொல்வது பல நேரம் எதிரே கேட்காது. பெயர் அதில் விழுங்கப்பட்டால் "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று மறுபடி கேட்பார்கள். ஹோல்டில் வைத்தவரை 30, 40 விநாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்: "டாக்டர் இன்னும் ரவுண்ட்ஸ்ல இருக்காரும்மா, வெயிட் பண்றீங்களா, நம்பர் குடுத்தா நானே கூப்பிடட்டுமா?"

எழுதுவதில்தான் தேர்ச்சி தெரியும். செல் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். 'எழுபது', 'எண்பது' என்று சேர்த்துச் சொன்னால் இரைச்சலான லைனில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும், ஏழு எட்டு என்று தனித்தனியாகச் சொன்னால் அந்த ஆபத்து குறைவு. 'டபுள் செவன்' என்று அவர் சொன்னால், 'ஏழு, ஏழு' என்று நீங்கள் சொல்லிச் சரிபாருங்கள். லேண்ட்லைன் என்றால் எஸ்டிடி கோடும் சேர்த்து: மதுரை 0452, உங்கள் திருமங்கலம் 04549, உசிலம்பட்டி 04552, தேனி 04546, சிவகங்கை 04575. கோடு இல்லாத எண்ணை டாக்டர் மேசையில் வைத்தால் அது வெறும் காகிதம்.

நேரமும் நாளும் இன்னும் வழுக்கும். பன்னெண்டரைக்கும் ரெண்டரைக்கும் போனில் வித்தியாசம் ஒரே ஓர் அசை. "மத்தியானம் ரெண்டரை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று அடையாளம் சேர்த்துச் சொல்லுங்கள். "வர்ற வெள்ளிக்கிழமை" என்றால் ஒருவருக்கு நாளை மறுநாள், இன்னொருவருக்கு அடுத்த வாரம். "நாளான்னைக்கு" என்பதும் அப்படித்தான். தேதியும் கிழமையும் இரண்டும் சொல்லாமல் எந்த அப்பாயிண்ட்மென்டையும் முடிக்காதீர்கள். பெயர் அடுத்த சிக்கல். இந்தப் பக்கம் ஒரே நாளில் மூன்று முத்துலட்சுமியும் நாலு கருப்பசாமியும் ஓ.பி.க்கு வருவார்கள். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், செல் எண் நான்கும் இருந்தால்தான் ஆள் உறுதி. இனிஷியலில் எம்மும் என்னும், எஸ்ஸும் எஃப்பும் மாறும். 'எம் ஃபார் மதுரை, என் ஃபார் நாகர்கோவில், எஸ் ஃபார் சிவகங்கை, எஃப் ஃபார் ஃபாத்திமா' என்று தெரிந்த ஊர், ஆள் பெயராலேயே சொல்லுங்கள். 'ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இது எதிரே இருப்பவருக்கு உடனே பிடிபடும். சீட்டில் நேரம், யாருக்கு, யார், எண், விஷயம், திரும்பக் கூப்பிடவேண்டிய நேரம், எழுதியவர் பெயர் இத்தனையும் வேண்டும். கார்பன் வைத்த நோட்டாக இருந்தால் "எனக்குச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு நகல் பதில் சொல்லும்.

மருத்துவமனைக்கே உரிய சில விதிகளில் சலுகை கிடையாது. யார் கேட்டாலும், சொந்தக்காரர் என்றாலும் பத்திரிகை என்றாலும், இன்னார் அட்மிட் ஆகியிருக்கிறாரா, என்ன நோய், பில் எவ்வளவு என்பதைப் போனில் நீங்கள் சொல்லக்கூடாது. வார்டுக்கோ நிர்வாக அலுவலருக்கோ லைன் கொடுங்கள். ஸ்கேன் எடுத்தவர் வீட்டிலிருந்து "என்ன குழந்தைன்னு கேட்டுச் சொல்லும்மா" என்பார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை யாரும் எந்த விதத்திலும் தெரிவிக்கக்கூடாது. குறிப்பாலும் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. அவசர அழைப்பு வந்தால் முதலில் எண், அடுத்து இடம், அதற்குப் பிறகுதான் என்ன நடந்தது என்ற கதை. பதற்றத்தில் பேசுபவர் கையிலிருந்து போன் எப்போது வேண்டுமானாலும் நழுவும். எண் இருந்தால் திரும்பக் கூப்பிடலாம். உங்கள் ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தால் "வந்துரும்" என்று இழுக்காமல் உடனே 108-ஐச் சொல்லிவிடுங்கள்.

வழி சொல்வதும் பாதி வேலை. தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் மாட்டுத்தாவணி. இரண்டிலிருந்தும் உங்கள் மருத்துவமனைக்கு எந்த டவுன் பஸ், எங்கே இறங்கவேண்டும், ஆட்டோ ஏறக்குறைய எவ்வளவு என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குத் தனி அட்டை வேண்டும். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடும்போது, "எப்பிடி வர்றது?" என்ற கேள்வியைத் தவிர வேறு அழைப்பே வராது.

ஆங்கிலத்துக்குப் பயப்படவேண்டாம். மதுரையில் வரும் அழைப்பில் பெரும்பகுதி தமிழ். அதிலும் "யம்மா, டாக்டர் இருக்காகளா?" என்று கேட்கும் கிராமத்துத் தமிழ். அவர்களிடம் 'சார், மேடம்' ஒட்டாது, 'ஐயா, அம்மா' போதும். ஆங்கிலத்துக்கு முப்பது வாக்கியம் மனப்பாடமாக இருந்தால் மேசை ஓடும். 'மே ஐ நோ ஹூ இஸ் காலிங்', 'குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ', 'ஹி இஸ் வித் எ பேஷண்ட்' என்ற வகை. மலையாளமும் இந்தியும் தெரிந்த ஊழியரின் எக்ஸ்டென்ஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கேரளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களும் உண்டு.

கசப்பான பக்கத்தையும் சொல்லவேண்டும். பெண் குரல் கேட்டதும் வம்பாகப் பேசுபவர்கள் வருவார்கள். வாதம் வேண்டாம், திட்டவும் வேண்டாம். தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றை நோட்டில் எழுதிவிட்டு போனை வையுங்கள், அன்றே மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தொடர்ந்தால் போலீஸ் புகாருக்கு அந்த நோட்டுதான் ஆதாரம். பெண்களுக்கான உதவி எண் 181. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்கவேண்டும். தொல்லை உள்ளேயிருந்து வந்தால் அங்கே போகலாம். இன்னொரு வகை ஆபத்து இனிமையாகப் பேசும். "டிராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுறேன், லைன் கட்டாகப் போகுது, ஸ்டார் 401 ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்பான். அது உங்கள் அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வகைத் திருப்பலை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று எந்தக் குறியீட்டையும் போடாதீர்கள், யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். எம்.டி. குரலிலேயே கேட்டாலும் சரி.

"போன் எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற புகார் கட்டாயம் வரும். அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 அழைப்பு, பேசி எழுத ஒன்றுக்கு 4 நிமிடம். மொத்தம் 48 நிமிடம்தானே, ஓர் ஆள் போதும் என்று நிர்வாகம் நினைக்கும். அழைப்பு வரிசையில் நின்று வருவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் 1917-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 48-ஐ 60-ஆல் வகுத்தால் 0.8. அதை 1.8-ஆல் வகுத்தால் 0.44. அதாவது காத்திருக்க வழியில்லாத ஒற்றை ஆள் மேசையில் கூப்பிடும் 100 பேரில் 44 பேருக்கு பிஸி டோன். மணிக்கு 6 அழைப்பு என்றாலும் 29 பேருக்கு. கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்பப் போடுவார்கள் என்பதால் நடப்பு இதைவிட மோசமாகத்தான் இருக்கும். காலை ஓ.பி. நேரத்துக்கு இரண்டாவது ஆள் கேட்க இதைவிட நல்ல வாதம் கிடையாது.

சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், தொகை சொல்லி உங்களைக் குழப்பமாட்டேன். கேட்கவேண்டியதைச் சொல்கிறேன். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப்., உங்கள் பங்கு 12 சதவீதம். 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90 ரூபாயும் 1,440 ரூபாயும் பிடிப்பு. இது நஷ்டமில்லை, நிர்வாகமும் தன் பங்கைப் போடவேண்டும். "பிடித்தம் எதுவும் இல்லை, முழுசாக் கையில தர்றோம்" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். இரவு ஷிப்ட் பற்றி முன்பே பேசிவிடுங்கள். கடைகள், நிறுவனங்களுக்குத் தமிழக அரசு 2019-ல் கொடுத்த 24 மணி நேர அனுமதியில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வைத்திருக்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மருத்துவமனைக்கு அது அப்படியே பொருந்துமா என்று யாராவது வாதாடலாம். ஷிப்ட் நேரத்தையும் வண்டி வசதியையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. திருமங்கலத்துக்குத் திரும்பவேண்டிய உங்களுக்குச் சம்பளத்தைவிட இது முக்கியம்.

ஒன்றிரண்டு வருடம் இப்படி உட்கார்ந்த பிறகு வீட்டு வேலையைப் பற்றி யோசிக்கலாம். கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், டிராவல்ஸ், கேட்டரிங் என்று முழுநேர ரிசப்ஷனிஸ்ட் வைக்க வசதியில்லாத சின்ன இடங்கள் நிறைய. இணையம் வழியாக அழைப்பைத் திருப்பிவிடும் கிளவுட் டெலிபோனி கம்பெனிகளிடம் அவர்கள் ஓர் எண் வாங்கினால், அழைப்பு உங்கள் செல்லிலோ கணினியிலோ வந்து நிற்கும். கூலியை அழைப்புக் கணக்கில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அழைப்புக்கு 5 ரூபாய் என்றால் மணிக்கு 7 அழைப்பு வரும் நாளில் 35 ரூபாய்தான். போன் பக்கத்தில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. மாதத்துக்கு இவ்வளவு, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்று பேசுங்கள். எல்லோருக்கும் போன் குவிவது காலை 9 முதல் 11 வரை என்பதால், இரண்டு வாடிக்கையாளரை ஒரே நேரத்துக்கு எடுத்தால் மேலே சொன்ன எர்லாங் கணக்கில் நீங்களே மாட்டுவீர்கள்.

இணைய வேகத்துக்காக அதிகம் செலவழிக்கவேண்டாம். ஒரு குரல் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு 0.1 எம்பிபிஎஸ் போதும். கெடுப்பது தாமதமும் தடுமாற்றமும்தான். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து கேபிளில் இணையுங்கள். ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது 8,800 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் சுமார் 32.5 வாட்-அவர், வீணாவது போக 27. 10 வாட் இழுக்கும் ரௌட்டர் இரண்டரை மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் அது பத்தாது, அன்றைக்கு இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனவுடன் ரௌட்டர் அணைந்து எழுந்தால், பின்னால் இருக்கும் ஸ்விட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். குக்கர் விசில், காற்றாடிச் சத்தம், ஆடி மாதக் கோயில் மைக் செட் இவற்றுக்கு வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட்தான் மருந்து. மைக் உதட்டுக்கு நேராக இல்லாமல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும், மூச்சுக்காற்று இரையாது.

கடைசியாக, அந்த 3,500 ரூபாய் ஆட்களிடம் ஆதார் நகல் கொடுத்திருந்தால் இன்றே மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய், உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். தெரியாத எண் இருந்தால், அது உங்களுடையது இல்லை என்று அங்கேயே குறித்துவிடலாம். பணமும் கட்டியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட நாளைவரை காத்திருக்காதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்கிவைக்க வாய்ப்பு.